கன்னிக்கு ஒரு சீட்டு

சொல் சேகரிக்கிற தொழிலில் முதல் சட்டம் இதுதான்: தேடுகிற சொல்லை நாம் வாயால் சொல்லக் கூடாது, எதிரில் இருப்பவர் தானாகச் சொல்ல வேண்டும், அதுவரை ஊர்க்கதை உலகக்கதை எல்லாம் பேசிக்கொண்டு நிற்க வேண்டும்.

இடுப்பில் பிள்ளையும் தோளில் பையுமாக வேலைக்குப் போகிற அம்மாக்களே, உங்களுக்குத்தான் இந்த நிற்பின் வலி புரியும். பட்டணத்தில் அகராதி தயாரிக்கிற ஒரு பேராசிரியருக்கு ஜவ்வாது மலைப் பேச்சு தேவைப்பட்டது. மலையில் எழுதப் படிக்கத் தெரிந்த பெண் யாராவது இருக்கிறாளா என்று நான் படித்த கான்வென்டுக்கு எழுதிக் கேட்டார். அங்கே சிஸ்டர் என் பெயரைக் கொடுத்துவிட்டார். காவலூரில் தொலைநோக்கி வளாகத்து ஜீப்பை என் வீட்டுக்காரர் ஓட்டுகிறார். மலைக்காரி என்று சொல்லிக்கொள்ள எனக்கு இருக்கிற தகுதி அவ்வளவுதான்.

வேலை, சீட்டு எழுதுவது. அஞ்சலட்டை அளவுச் சீட்டு. மேலே சொல். அதன் கீழே அந்தச் சொல் வந்த வாக்கியம், சொன்னவர் சொன்னபடியே, ஓர் எழுத்துகூடத் திருத்தாமல். அதற்கும் கீழே சொன்னவர் பெயர், வயது, ஊர். போன மார்கழியில் தபாலில் வந்த சொல் ‘கன்னி’. அது வடமொழியிலிருந்து வந்ததா, இங்கேயே பிறந்ததா என்று பட்டணத்தில் இரண்டு கட்சியாம். மலையில் அதை எதற்கெல்லாம் சொல்கிறார்கள் என்று பார்த்தால் ஒரு வழி தெரியும் என்று பேராசிரியர் எழுதியிருந்தார்.

என் புத்தி வேறு இடத்தில் இருந்தது. என் மூத்த பெண் பதினோராம் மாதத்தில் மூன்று நாள் காய்ச்சலில் போனாள். அந்தச் சொல் வந்த அன்று இரண்டாவது பெண் செல்விக்கு ஒன்பது மாதம் முடிந்திருந்தது. அவளை யாரிடமும் விட்டுவிட்டுப் போக எனக்குத் தைரியமில்லை. மூச்சு வருகிறதா என்று அரைமணிக்கு ஒருதரம் பிள்ளையின் மூக்கடியில் விரல் வைத்துப் பார்க்கிறவள் ஊர் ஊராகச் சொல் கேட்டுப் போனால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது. இதை எழுதும்போதும் ஒரு கை தூளியில்தான் இருக்கிறது.

பேர் தெரியாத பெண்

முதல் நாள் ஆர்வத்தில் மேட்டுக்கு ஏறினேன். ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஒரு அம்மாள் பாறையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள். பனி, குளிர், சுகக்கேடு எல்லாம் பேசி முடித்து மெல்ல விஷயத்துக்கு வந்தேன். “கல்யாணம் ஆகாத பொண்ணை உங்க ஊர்ல இன்னான்னு சொல்வீங்க?”

“பேரச் சொல்லிதான் கூப்புடுவோம்.”

“இல்லைங்க, பேர் தெரியாது, தூரத்துல ஒரு பொண்ணு போறா. கல்யாணம் ஆகலை. அவளை இன்னான்னு சொல்வீங்க?”

அந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். இடுப்பில் இருந்த செல்வியையும் பார்த்தாள். பிள்ளை பெற்றவளுக்குப் புத்தி கொஞ்சம் பிசகியிருக்கிறது என்று முடிவு கட்டியது முகத்தில் தெரிந்தது. எழுந்து சேலையை உதறிக்கொண்டே நிதானமாகச் சொன்னாள்: “கல்யாணம் ஆவாத பொண்ணு, பேரும் எனக்குத் தெர்யாது, அப்பிடி ஒருத்தி எங்கூர்ல ஏதும்மா?”

மேசைமேல் வைக்கிற பெட்டி

வெறும் கையோடு திரும்பிய வாரத்தில், கான்வென்டில் இசை கற்றுக்கொடுத்த சிஸ்டர் ஞாபகம் வந்தது. வெள்ளைக்காரர், ஆனால் எங்களைவிடத் திருத்தமாகத் தமிழ் பேசுவார். ஒருநாள் ஆர்மோனியத்தை மூடிவிட்டு ஒரு பழைய படத்தைக் காட்டினார். மேசைமேல் வைத்து வாசிக்கிற சின்னப் பெட்டி வாத்தியம், பியானோவுக்கு வெகுகாலம் முந்தியது. தங்கள் நாட்டுப் பக்கத்தில் அதற்குக் ‘கன்னிக்குரியது’ என்று பொருள் வருகிற பெயர் என்றார். வகுப்பே கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது.

ஏன் அந்தப் பெயர் என்று அப்போது கேட்கவில்லை. இப்போது கடிதம் போட்டுக் கேட்டேன். பதில் எழுதியிருந்தார். வீட்டில் இருக்கிற இளம்பெண்கள் வாசித்ததால் அந்தப் பெயர் என்பார் சிலர். வாசிக்கிற கட்டையை அழுத்தினால் பெட்டிக்குள்ளே எழும்புகிற சின்னக் குச்சிகளுக்கு லத்தீனில் இருக்கிற பெயரிலிருந்து வந்தது, பெண்ணுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்பார் சிலர். குரல் கன்னியின் குரல்போல மெலிந்திருக்கும், அதனால்தான் என்பாரும் உண்டு. கடைசி வரி இது: “உண்மையில் யாருக்கும் தெரியாது குழந்தை, காரணம் தெரியாததை எல்லாம் பெண்பிள்ளைகள் மேல் போட்டுவிடுவது எல்லா ஊரிலும் வழக்கம்.”

அதைச் சீட்டில் எழுத முடியாது. சொன்னவர் மலைக்காரர் இல்லையே.

மீசை

ஒருவழியாக முதல் சீட்டு ஆலங்காயம் பஸ்ஸில் கிடைத்தது. பக்கத்து சீட்டில் கறுப்பு வேட்டி, முறுக்கு மீசை, கழுத்தில் துளசி மணி. செல்வி எட்டி மணியைப் பிடித்து இழுத்துவிட்டாள். “இழுக்காத கண்ணு, அறுந்துட்டா பேஜாரு. இந்த வருசம் நான் கன்னிசாமி” என்றார் அவர்.

பஸ் வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. பிள்ளையை ஒரு முழங்காலில் இடுக்கி, பையை இன்னொன்றில் வைத்து, பென்சிலைத் தேடி எடுத்து எழுதினேன். பெயர் கேட்டேன், வயது கேட்டேன். ஐம்பத்திரண்டு. பின் சீட்டில் இருந்த பெண்கள் சிரிப்பை அடக்கவே இல்லை. “இன்னா அக்கா சிரிப்பு? மொத தபா மாலை போட்டா பேரன் எடுத்தவனும் கன்னிதான்” என்று அவர் மீசையைத் தடவிக்கொண்டார். பஸ் முழுக்கக் கேட்கும்படி ஒருத்தி சொன்னாள்: “எங்க மாமியா இன்னும் பஸ்ஸே ஏறுனதில்ல, அப்போ அவளும் பஸ்ஸுக்குக் கன்னியா சாமி?”

புளிக் கிடங்கு

தை மாதம். மலையடிவாரத்தில் வாணியம்பாடி பாய் ஒருவர் புளி அடுக்கக் கிடங்கு கட்டிக்கொண்டிருந்தார். கட்டட வேலை நடக்கிற இடத்தில் வாய் சும்மா இருக்காது என்று நான் கண்டுகொண்டிருந்தேன். போய் நிழலில் உட்கார்ந்தேன். அரைமணிக்குள் மேஸ்திரி தானாகவே சொன்னார்: “பாய், கன்னி மூலைல வாசல் வெக்காதீங்க. தென்மேக்கு அது. பாரந்தான் வெக்கணும்.”

“வெக்கற பாரமெல்லாம் புளிதான் மேஸ்திரி. கன்னி மூலைல வெச்சாலும் புளிக்கத்தான் போவுது” என்றார் பாய்.

எனக்கு ஒரே சந்தோஷம். ஒரு சொல், இரண்டு பேர், இரண்டு சீட்டு. ஓர் எழுத்து விடாமல் எழுதிக்கொண்டிருந்தேன். அந்த மூலைக்கு ஏன் அந்தப் பெயர் என்று மேஸ்திரியைக் குடைந்துகொண்டிருந்தேன். அவருக்கும் தெரியவில்லை, அவர் அப்பா சொன்னாராம். பாய் எனக்கு டீ கொண்டுவரச் சொல்லிவிட்டு, செல்வியின் காலைச் செல்லமாகப் பிடித்தார். பிடித்த கையை உடனே எடுத்தார். “மூலை கெடக்கட்டும்மா. பாப்பா கால் நெருப்பாட்டம் இருக்குதே, நீங்க பாக்கலியா?”

கூட்டத்தில் நின்றது

நான் பார்க்கவில்லை. அரைமணிக்கொருதரம் மூக்கில் விரல் வைக்கிறவள், அன்று ஒரு வாக்கியத்துக்காக ஒன்றரை மணி நேரம் மறந்துவிட்டேன். அப்போது செல்விக்குப் பத்து மாதம் முடிந்து ஐந்து நாள். வந்த பஸ்ஸில் ஏறி ஆலங்காயம் டாக்டரிடம் போனேன். கூட்டம் வாசல் வரை இருந்தது. பிள்ளையின் முகத்தைப் பார்த்து, முன்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராக என்னை முன்னால் தள்ளிவிட்டார்கள். அந்த முகங்களில் ஒன்றுகூட எனக்கு இப்போது ஞாபகமில்லை.

டாக்டர் வயதானவர். காதில் விளக்கடித்துப் பார்த்தார், மார்பில் வைத்துக் கேட்டார். காதில் சீழ், மருந்து கொடுத்தால் நாலைந்து நாளில் விடும் என்றார். மூத்தவளுக்கும் மூன்று நாள்தான், இவளுக்கும் மூன்றாம் நாள் என்ன ஆகும், நிச்சயமாகச் சொல்லுங்கள் என்று நான் அவர் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மருந்துச் சீட்டை என் கையில் வைத்து, விரல்களை அவரே மடக்கிவிட்டார். “காய்ச்சல் கொழந்தைக்கும்மா, பயம் உங்களுக்கு. ரெண்டுக்கும் ஒரே மருந்து எங்கிட்ட இல்ல.”

குப்பு

காய்ச்சலின் இரண்டாம் நாள். வீட்டில் உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும்போல இருந்தது. செல்வியைத் தூக்கிக்கொண்டு பக்கத்துக் குடிசைக் குப்புவிடம் போனேன். குப்புவுக்கு என் வயதுதான். பையன்கள் இருவர். வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

“சட்ட நல்லா கீது. பழசாட்டம் தெரியுது, யார்துது?”

“அவ அக்காவோடது. வீணாப் போவுதேன்னு போட்டேன்.”

குப்பு முறத்தைக் கீழே வைத்தாள். “செத்தவ சட்டய மாட்டியா புள்ளயத் தூக்கினு ஊரூரா சுத்தற? படிச்சவதான நீ?” என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். கூரை விட்டத்தில் ஒரு மூங்கில் கூடை தொங்கியது. இறக்கிக் காட்டினாள். கை அகலத்துக்கு ஒரு சிவப்புப் பாவாடை, புதுசு, மடிப்புக் கலையாமல். இரண்டு கண்ணாடி வளையல். ஒரு சின்ன முகம் பார்க்கிற கண்ணாடி.

“எங்க வூட்டுக் கன்னி இவ. ரெண்டு வயசுல பூட்டா. வருசத்துக்கு ஒருக்கா புதுத்துணி எடுத்து வெப்போம், அதே அளவுதான். அவ வளர மாட்டா. அவ துணிய வேற புள்ளைக்குப் போட்டா, வெளாட வாடீன்னு அதையும் கூப்புடுவா.”

ஒரு மாதத்துக்கு மேலாக நான் தேடிய சொல். கேட்காமல், குடையாமல், தானாக வந்தது. இதைவிட நல்ல சீட்டு எனக்கு இனிமேல் கிடைக்கப் போவதில்லை. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அந்தப் பேச்சைக் கேட்டு ஒரு கை செல்வியின் சட்டையைப் பிடித்துக்கொண்டது, இன்னொரு கை அதுபாட்டுக்குப் பைக்குள் போய்ப் பென்சிலை எடுத்துவிட்டது. வாக்கியத்தை எழுதிவிட்டு, “பாப்பா பேர்?” என்றும் கேட்டுவிட்டேன். குப்பு பென்சிலோடு சேர்த்து என் விரல்களைப் பிடித்தாள். “எழுதாத. பேரெழுதித் தபால்ல போட்டா, அவ காயிதத்தோட பட்டணம் பூடுவா. அங்க யாரக் கண்டா எம் பொண்ணு?”

தபால் பை

குப்புவின் சீட்டை அங்கேயே கிழித்து அவள் அடுப்பில் போட்டேன். வீட்டுக்கு வந்து அந்தச் சட்டையைக் கழற்றித் துவைத்துக் காயப்போட்டேன். பிறகு ஒரு காரியம் செய்தேன். அதை அம்மாக்களிடம் மட்டும்தான் சொல்ல முடியும்.

பேரெழுதித் தபாலில் போட்டால் போய்விடுவாள் என்றால், என் மூத்தவளும் போய்விடுவாள் அல்லவா? அவள் இங்கே இல்லாவிட்டால் தங்கையை விளையாடக் கூப்பிட ஆள் ஏது? பன்னிரண்டு வருஷம் கான்வென்டில் படித்தவள்தான் நான். மூட நம்பிக்கை என்று அழகான கையெழுத்தில் கட்டுரை எழுதிப் பரிசு வாங்கியவள்தான். உட்கார்ந்து ஒரு புதுச் சீட்டில் எழுதினேன். மேலே ‘கன்னி’. பெயர். வயது: பதினோராம் மாதம். ஊர்: காவலூர். வாக்கியத்துக்கு விட்ட இடத்தில் எழுத ஒன்றும் இல்லை. அவளுக்குப் பேச்சு வந்திருக்கவில்லை.

காலையில் மற்றச் சீட்டுகளோடு சேர்த்து உறையில் போட்டுத் தபால் ஆபீசுக்குப் போனேன். மூன்றாம் நாள். செல்வி என் தோளில் அனலாகக் கிடந்தாள். தபால்காரர் பையைக் கட்டப் போகிற சமயம். உறையை நீட்டினேன். அவர் வாங்கினார். நான் விடவில்லை. அவர் இழுத்தார். நானும் இழுத்தேன். யார் வீட்டுப் பிள்ளையையோ எங்கோ அனுப்புவதுபோல இருந்தால் பரவாயில்லை. அந்தக் கையெழுத்தில் இருந்த பெயர் நான் வைத்த பெயர். உறையின் வாயைப் பிரித்து, அந்த ஒரு சீட்டை மட்டும் தேடினேன். தேடிய அவசரத்தில் மற்றதெல்லாம் தரையில் கொட்டியது. அவரே குனிந்து பொறுக்கிக் கொடுத்தார். கோபம்கூடப் படவில்லை. “போடறதுன்னா போடு, இல்லாட்டி வூட்டுக்கு எடுத்துக்னு போம்மா. பஸ்ஸு உனுக்காவ நிக்காது.”

மற்றதைப் பையில் போட்டுவிட்டு, அந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டுதான் வந்தேன்.

ஒரே அளவு

என் வீட்டுக்காரர் அதிகம் பேசமாட்டார். மூத்தவள் போன பிறகு அவள் பேச்சை இருவருமே எடுத்ததில்லை. அன்றைக்கு அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்: குப்புவின் கூடை, நான் எழுதிய சீட்டு, தபால் ஆபீசில் நடந்த இழுபறி. கேட்டுக்கொண்டே ஜீப் துடைக்கிற துணியை மடித்தார், பிரித்தார், மடித்தார். மறுநாள் அவருக்கு வாணியம்பாடிக்குச் சவாரி.

சாயங்காலம் ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்து கட்டிலில் வைத்தார். பிரித்தேன். மஞ்சள் கவுன், கழுத்தில் வெள்ளைப் பூ வேலை. அதன் அடியில் இன்னொன்று, அதே மஞ்சள், அதே பூ, அதே அளவு. நான் அவரைப் பார்த்தேன். அவர் செல்வியின் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்: “கடைக்காரரு ரெட்டப் புள்ளைங்களான்னு கேட்டாரு. ஆமான்னுட்டேன்.”

பேராசிரியர் கேட்டது

காய்ச்சல் ஐந்தாம் நாள் விட்டது. டாக்டரின் மருந்தாலா, சட்டையைக் கழற்றியதாலா, விடுகிற நாள் வந்ததால் விட்டதா, எனக்குத் தெரியாது. ஒரு கவுன் செல்வியின் உடம்பில் இருக்கிறது. இன்னொன்று விட்டத்தில். எங்கள் ஓட்டு வீட்டுக்கு மூங்கில் கூடை பொருத்தமாகத்தான் இருக்கிறது. பயம் விட்டதா என்று கேட்காதீர்கள். செல்விக்குப் பதினோரு மாதம் முடிந்து ஒன்பது நாள் ஆகிறது, நான் இன்னும் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன்.

பேராசிரியரின் கடிதம் நேற்று வந்தது. கன்னிசாமியும் கன்னி மூலையும் சமவெளியிலும் வழங்குவதுதான் என்று குறைப்பட்டிருந்தார். மலைக்கென்று தனியாக ஒரு சான்றாவது இல்லாமல் என்னை எப்படித் தொடர்ந்து வைத்துக்கொள்வது என்று சங்கடப்பட்டிருந்தார். அவர் கேட்ட கடைசிக் கேள்வி: “இறந்துபோன பெண் குழந்தையை வீட்டுக் கன்னி என்று மலைமக்கள் வைத்துக் கும்பிடுவதாகக் கேள்வி. இந்தப் பொருளில் யாரேனும் சொல்லக் கேட்டதுண்டா?”

கேட்டதில்லை ஐயா என்று பதில் எழுதி, உறையை ஒட்டி வைத்திருக்கிறேன். இந்த உறையைத் தபால்காரர் வாங்கினால் நான் திரும்ப இழுக்க மாட்டேன்.

இத்தனை மேடு ஏறி இறங்கியதில் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: அகராதி போடுகிறவர்களுக்கு எல்லாச் சொல்லும் வந்து சேர வேண்டும், பிள்ளை பெற்றவர்களுக்கு ஒன்றிரண்டு வீட்டைவிட்டுப் போகாமல் இருந்தால் போதும்.